உள்ளே போனவள் நான் மட்டும்தான்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடாத காற்று. காயப்போட்ட யூனிஃபார்ம் துப்பட்டா வேலிக் கருவை முள்ளில் மாட்டி ஓரம் கிழிந்துவிட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிரேயரில் ரம்யா விழுந்துவிட்டாள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள். உறுதிமொழி பாதியில் அப்படியே பின்னால் சாய்ந்து என் கால்மேல் விழுந்தாள். கண் மேலே சொருகிக்கொண்டது. பல் கிட்டிவிட்டது. பி.டி. மிஸ்ஸும் வாட்ச்மேனும் தூக்கிப்போய் வேப்பமரத்தடியில் படுக்கவைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். காலையில் சாப்பிட்டாயா என்று மிஸ் கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள். குளுக்கோஸ். ஹெச்.எம். ரூமில் ஒரு மணிநேரம். அப்புறம் அவள் அப்பா வண்டியில் வந்து கூட்டிப்போனார்.

திரும்பும் பஸ்ஸில் சத்யா என் காதோடு காதாக:

"விழுந்தப்ப ஒரு பேரு சொன்னாடி. நீ கேக்கல?"

"இல்லையே."

"தனம்னு சொன்னா. எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு."

அவள் தலை என் காலில் இருந்தது. எனக்குக் கேட்கவில்லை. சத்யா நாலு பேர் தள்ளி நின்றாள்.

இயற்பியல் ரெக்கார்டு பாக்கி. மூன்று சோதனை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரம்யா வரவில்லை.

சாயங்காலம் ரம்யா அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா வெங்காயத் தாள் அறுக்கிற வேலைக்குப் போயிருந்தாள், நான் மட்டும். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்கள்.

"அன்னிக்கு அந்த முடிக்காரி வூட்டுக்குள்ள போனது நீதானே மலரு?"

"ஆமாங்க அத்தை."

"இவளுங்க ரெண்டு பேரும் வாசல்லயே நின்னாளுங்களாமே?"

"ஆமாங்க. எனக்குத் தண்ணி தாகம்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"முடி அத்தை. கட்டிக் கட்டிக் கயித்துல தொங்கவிட்டிருந்தாங்க."

"வேற?"

"ஒரு பலகை. ஆணி அடிச்ச பலகை. அதுலதான் சிக்கு..."

"ஆணியா!"

நெஞ்சில் கைவைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீதியைக் கேட்கவே இல்லை.

என்ன நடந்தது என்பதை இங்கேயாவது முழுதாக எழுதிவைக்கிறேன். தனம் அக்கா கீழத்தெருக் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறார். சீவும்போது உதிர்கிற முடியை வீடு வீடாக வாங்குகிறவர். பதிலுக்குக் கிளிப், ஊசி, பெரிய பை என்றால் எவர்சில்வர் டம்ளர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர், ஜெயங்கொண்டம் பக்கம். புருஷன் செத்தபிறகும் இங்கேயே இருந்துவிட்டார். போன வாரம் நான், சத்யா, ரம்யா மூவரும் எங்கள் வீட்டு முடியைப் பையில் போட்டுக்கொண்டு போனோம். உள்ளே பானையில் இருக்கு, மோந்து குடி பாப்பா என்றார். போனேன். கயிற்றில் நீளவாரியாக முடிக்கற்றை. பலகையில் ஆணிகள், முனை மேலே பார்த்து, சீப்பு மாதிரி நெருக்கமாக. அதன்மேல் முடியை வைத்து இழுத்துக் காட்டினார். சிக்கு பிரிந்து பட்டு மாதிரி வந்தது. பார்க்க அழகாக இருந்தது.

அவ்வளவுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆணி ஊர் முழுக்கப் போய்விட்டது.

காலையில் பஸ் ஸ்டாப்பில்: "முடியில பொம்மை கட்டி ஆணி அடிச்சு வச்சிருக்காளாம்." "யாரு பாத்தா?" "டிரைவர் மவ மலரு."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். பொம்மை இல்லை என்று சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டோம். அப்புறம் சொல்லியிருக்கலாம். அப்புறமும் சொல்லவில்லை.

மூன்றாவது பீரியடில் சத்யா விழுந்தாள். பெஞ்சிலிருந்து சரிந்து, கையை இறுக்கி, "என் முடிய விடு, என் முடிய விடு" என்று கத்தல். மதியம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். எங்கள் ஊர்கூட இல்லை, குன்னத்துப் பெண். அவளும் முடி என்றே கத்தினாளாம்.

எல்லோரும் சத்யாவைச் சுற்றி. விசிறுகிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள், அழுகிறார்கள். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக.

எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? என் முடியும் அந்தப் பையில்தானே போனது?

அம்மா இன்று சீப்பில் இருந்த முடியை அடுப்பில் போட்டாள். தெருவே அப்படித்தான் வாடை அடித்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சத்யாவுக்கும் ரம்யாவுக்கும் லீவு. கெமிஸ்ட்ரி டெஸ்ட்: இருபத்தைந்துக்குப் பதினெட்டு. காட்ட ஆள் இல்லை.

மாரியம்மன் கோயிலில் கூழ். அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து குறி சொல்கிறவரை ரம்யா வீட்டார் கூட்டிவந்திருந்தார்கள். உடுக்கை அடித்துக்கொண்டே கண்ணை மூடினார். "தலமுடி ஒரு பொம்பள கைக்குப் போயிருக்கு. புருசன் இல்லாதவ. ஊருக்குக் கீழ்க்கோடி." பேரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எல்லோரும் கிழக்கே திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ரம்யா மஞ்சள் சேலை கட்டி நடுவில். கழுத்தில் தாயத்து. என்னைப் பார்த்தவுடன் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வெள்ளி ஊர்க்கூட்டம். "உள்ள பாத்த பொண்ணக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று நாட்டாமை சொன்னார். எனக்குத்தான் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தண்ணீர் பிடிக்கப் போனேன். தனம் அக்கா குடத்தோடு தூரத்தில் நின்றார். அவர் முறை வரும்போதெல்லாம் யாராவது குடத்தை நகர்த்தி முன்னால் வைத்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. வாயே திறக்கவில்லை. குடங்கள் மட்டும் நகர்ந்தன.

எல்லோரும் போனபிறகு நானும் அவரும்.

"பாப்பா. நீ என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"ஆணிப் பலகை இருக்குன்னு சொன்னேங்க்கா. சிக்கெடுக்குறதுக்குன்னு சொல்ல வந்தேன். கேக்கல."

"பொம்மை?"

"நான் சொல்லல. சத்தியமா சொல்லல."

"கண்ணுல பாத்ததச் சொல்லு. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்" என்றார். அதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. அவர் குடத்தில் பாதிகூட இல்லை. என் குடத்திலிருந்து ஊற்றியிருக்கலாம். எதிர் வீட்டு மாடியில் யாரோ நின்றார்கள். ஊற்றவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிரேயர். வெயில். முன்னால் ரம்யா நிற்கும் இடம் காலி. காது அடைத்தது. கால் நடுக்கம். விரல் நுனி குளிர்ந்தது. வருகிறது, எனக்கும் வருகிறது என்று நினைத்தேன். பயத்தோடு கொஞ்சம் ஆசையும், அதை எழுத வெட்கமாக இருக்கிறது. விழுந்துவிட்டால் நானும் அவர்களோடு சேர்ந்துவிடுவேன். சத்யா பக்கத்தில் படுக்கவைப்பார்கள். என்னையும் விசிறுவார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள்.

விழவில்லை. காலையில் மூன்று இட்லி தின்றிருந்தேன்.

சத்யா இன்று வந்தாள். இடைவேளையில் டாய்லெட் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"வெள்ளிக்கெழம நீ சொல்லிடுவல்ல?"

"என்ன சொல்லணும்?"

"பொம்மையப் பாத்தேன்னு. ரம்யா ரிப்பன் அதுல கட்டியிருந்துச்சுன்னு."

"நான் பாக்கலடி."

"நீ சரியாப் பாத்திருக்க மாட்ட. இருட்டு. யோசிச்சுப் பாரு."

"இருட்டு இல்ல சத்யா. ஓட்டுல கண்ணாடி இருந்துச்சு."

அவள் முகம் மாறிவிட்டது. "அப்ப நாங்க நடிக்கிறோமா? நான் விழுந்தது பொய்யா? எனக்கு இன்னமும் கை வலிக்குது, பாரு." கையை நீட்டினாள். விரல்கள் நிஜமாகவே நடுங்கின. பொய் நடுக்கம் இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

"நீ எங்க ஃபிரண்டா, அவளுக்கு ஃபிரண்டா? அத மட்டும் சொல்லு" என்றாள்.

பதில் சொல்வதற்குள் பெல்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் பை மட்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அப்பா போன். அரியலூரில் சிமெண்ட் லோடு ஏற்றக் காத்திருக்கிறார், வரிசை நீளம். சாப்பிட்டியா, படிக்கிறியா. அம்மா போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ப் பேசினாள். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "பொட்டப்புள்ளய வச்சிக்கிட்டு... ஊரு பூரா ஒரு பக்கம்... நீங்க ரோட்டுலயே இருக்கீங்க."

வந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள்.

"மலரு, எதுவும் தெரியாதுன்னு சொல்லிடு. பாத்தேன்னும் வேணாம், பாக்கலன்னும் வேணாம். மறந்துடுச்சுன்னு சொல்லு."

"ஆணி இருந்துச்சுன்னு ஏற்கெனவே சொல்லிட்டேன்ம்மா."

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

ஆகஸ்ட் 13, புதன்

ரம்யாவைப் பார்க்கப் போனேன். நோட்ஸ் கொடுக்க என்று சாக்கு. அவள் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே விட்டார்கள். நான் அவர்கள் பக்கத்துச் சாட்சி அல்லவா.

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துவிட்டாள். குறிகாரர் உப்பு சேர்க்கக்கூடாது என்றாராம்.

"அன்னிக்குப் பிரேயர்ல யாரைப் பாத்த ரம்யா?"

தாயத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"யாரையும் பாக்கல. மொத நாளு ராத்திரியும் சாப்புடல, காலையிலயும் சாப்புடல. அப்பாவோட சண்ட. கண்ணு இருட்டுச்சு. விழுந்துட்டேன்."

"அப்புறம் தனம் அக்கா பேரு?"

"நான் சொல்லலடி. சத்யாதான் அம்மாகிட்ட சொன்னா, நான் சொன்னேன்னு. அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவளா, அவளான்னு. அப்பாவும். பெரியப்பாவும். எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க. ஆமான்னு சொன்னேன். சொன்னவுடனே எல்லாரும் அழுதாங்க, கட்டிப்புடிச்சிக்கிட்டாங்க. அப்பா என் தலையைத் தடவினாரு. அவரு தடவி எத்தன வருஷமாச்சு தெரியுமா?"

"இப்ப சொல்லிடு."

"எப்புடிடி சொல்லுவேன்? ரெண்டு தடவ நானா விழுந்தேன், நீ பாக்கல. குறிகாரரு முன்னாடி. இப்ப போயி இல்லன்னா அப்பா என்னக் கொன்னுடுவாரு."

அவள் அம்மா உள்ளே வந்தார்கள். ரம்யா உடனே கண்ணை மூடிப் படுத்துவிட்டாள்.

வாசல் தாண்டும்போது பின்னாலேயே ஓடிவந்து மெதுவாக: "யார்கிட்டயும் சொல்லாத மலரு. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்துவிட்டேன். ஏன் செய்தேன்?

ஆகஸ்ட் 14, வியாழன்

தூக்கமில்லை. ஸ்கூல் போகவில்லை.

நாளைக்கு என்ன சொல்லலாம்:

பார்த்தேன் என்றால் சத்யா பக்கத்து சீட். ரம்யா தப்பிப்பாள். தனம் அக்காவை என்ன செய்வார்களோ.

பார்க்கவில்லை என்றால் ரம்யா பொய் சொன்னவள். நான் தனி.

மறந்துவிட்டது என்றால் ஆணி மட்டும் நிற்கும்.

சத்யா சாயங்காலம் வந்தாள். நல்லவிதமாகத்தான் பேசினாள். எனக்குப் பிடிக்கும் என்று கடலைமிட்டாய் கொண்டுவந்திருந்தாள். "நீ ஒத்த வார்த்த சொன்னாப் போதும். மீதிய பெரியவங்க பாத்துப்பாங்க. பழையபடி ஆயிடலாம்டி நாம." போகும்போது திரும்பி, "எனக்குப் பயமா இருக்கு மலரு. நெசமாவே அவ பண்ணியிருந்தா?" என்றாள்.

அவளுக்கும் உண்மை தெரியாது என்று நினைக்கிறேன். அவள் கேட்டதாக நினைத்ததைத்தான் கேட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் ஸ்கூலில் கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். பஞ்சாயத்து ஆபீஸில் கிராமசபைக் கூட்டம், தெருவிளக்கு, சாக்கடை, யாரும் இதைப் பேசவில்லையாம். மதியத்துக்கு மேல் கோயில் முன்னால் கூட்டம்.

ஒழுங்காக எழுதவேண்டும்.

தனம் அக்காவை அரசமரத்தடியில் நிற்கவைத்திருந்தார்கள். செருப்பில்லாமல். ரம்யா அப்பா, நாட்டாமை, ஆண்கள் எல்லாம் ஒரு பக்கம். பெண்கள் கோயில் சுவரோரம். ரம்யாவும் சத்யாவும் முன்வரிசையில் பாயில். நான் அம்மா பக்கத்தில். அம்மா என் மணிக்கட்டை விடவே இல்லை.

நாட்டாமை கூப்பிட்டார். "பயப்படாம வா பாப்பா. அந்தப் பொம்பள வூட்டுக்குள்ள ஆணி இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சுங்க."

ஒரே சத்தம். தனம் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"பலகையில அடிச்ச ஆணிங்க. சீப்பு மாதிரி. முடியில சிக்கெடுக்குறது. எனக்கு இழுத்துக் காமிச்சாங்க. பொம்மை இல்லைங்க. எலுமிச்சம்பழம் இல்லைங்க. ரிப்பனும் இல்லைங்க. வேணும்னா இப்பவே போய்ப் பாருங்க, பலகை அங்கதான் இருக்கும்."

என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. சின்னக் குரல். ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

ரம்யா அப்பா எழுந்தார். "அப்ப எம்மவ பொய் சொல்றாளா?"

ரம்யா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மறக்கமுடியாது. சத்தியம் செய்திருக்கிறேன்.

"நான் பாத்ததச் சொன்னேங்க. அவ பாத்தது எனக்குத் தெரியாது."

அப்போது சத்யா விழுந்தாள். பாயில் புரண்டு என் பக்கம் கை நீட்டி, "அவ கண்ணு! மலரு கண்ணுலயும் வந்துட்டா! என்னப் பாக்காதன்னு சொல்லுங்க!" பின்னால் நின்ற பெண்கள் சட்டென்று விலகினார்கள். என்னைச் சுற்றி வட்டமாக இடம் காலி. "அவ வூட்டுத் தண்ணியக் குடிச்சவதானே" என்று ஒரு குரல். "அதான் பேசவைக்கிறா."

யாரோ மண்ணை வாரி என்மேல் போட்டார்கள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்தவர்கள்.

அம்மா வந்து தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியல உனக்கு" என்றாள். போய்விட்டாள்.

ஜன்னலில் பார்த்தேன். ஆண்கள் கீழத்தெருப் பக்கம் ஓட்டம். கொஞ்ச நேரத்தில் புகை. முடி எரிகிற வாடை, வாந்தி வரும்போல. பலகை உடைகிற சத்தம்.

அம்மா இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று அம்மா பொழுது சாய்ந்தபிறகுதான் வந்தாள். சேலையெல்லாம் சேறு. சோறு போட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். என்மேல் கோபம் என்றே நினைத்தேன்.

இன்று சொன்னாள். என்னைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போனாளாம். எல்லோரும் இன்னும் சத்யாவைச் சுற்றி நின்றபோது தனம் அக்கா கையைப் பிடித்துக் கோயில் பின்வழியாகக் கூட்டிப்போயிருக்கிறாள். எங்கள் காட்டு மோட்டார் கொட்டகையில் வைத்துக் கதவை இழுத்துக்கொண்டு இரண்டு பேரும் உள்ளேயே. போலீஸுக்கு போன் போட்டதும் அவள்தான். பேர் சொல்லவில்லையாம். ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

"நீதானேம்மா எதுவும் தெரியாதுன்னு சொல்லச் சொன்ன?"

"ஆமா. உன்னத்தான் சொன்னேன்."

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. எண்ணெய் தேய்த்துவிடு என்று அவள் முன்னால் உட்கார்ந்தேன். தலையில் இன்னும் கோயில் மண் இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

பஸ். நான் ஏறியதும் முன்பக்கம் இருந்த பெண்கள் பின்னால் போனார்கள்.

க்ளாஸில் என் பெஞ்சில் நான் மட்டும். மூன்று பேர் உட்காரும் பெஞ்ச். நேராகப் பார்த்தால் கண்ணில் வந்துவிட்டாள் என்பார்கள் என்று யாரையும் பார்க்காமலே இருந்தேன். போர்டு, நோட்டு, ஜன்னல். பிறகு தோன்றியது: பார்க்காமல் இருந்தாலும் ஏதாவது சொல்லத்தான் போகிறார்கள்.

பயாலஜி மிஸ் என்னைத் தவளைப் படம் வரையப் போர்டுக்குக் கூப்பிட்டார். நன்றாக வரைந்தேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மழை. முதல் நல்ல மழை. சோளம் போட்டவர்களுக்குச் சந்தோஷம்.

எஸ்.ஐ. மேடம் வீட்டுக்கு வந்தார். யூனிஃபார்ம் இல்லை, சாதாரண சுடிதார். காபி குடித்தார். நான் சொல்லச் சொல்லக் கூட வந்தவர் எழுதினார். தாகம், பானை, கயிறு, பலகை. கடைசிவரை கேட்டார். பாதியில் விட்டுப் போகாமல் கேட்ட முதல் ஆள்.

பிறகு: "ரம்யா உன்கிட்ட தனியா ஏதாவது சொன்னாளா?"

அம்மா என்னைப் பார்த்தாள். மேடமும். ஓட்டுத் தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

"அத அவகிட்டயே கேளுங்க மேடம். ஆனா அவங்க அப்பா, அம்மா இல்லாதப்ப கேளுங்க. ஆமாவான்னு கேக்காதீங்க. என்ன நடந்துச்சுன்னு கேளுங்க."

அவர் பேனாவை மூடினார். "சரிம்மா" என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ரம்யா சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும். அவள் அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு மேடம் கேட்டாராம். சாப்பிடாததிலிருந்து ஆரம்பித்து அழுதுகொண்டே.

ஊர் இப்போது வேறு மாதிரி பேசுகிறது. "நாங்க அப்பவே நெனச்சோம்." குறிகாரர் போன் ஸ்விட்ச் ஆஃப். ரம்யா அப்பா, பெரியப்பா, இன்னும் சில ஆண்கள்மேல் வழக்கு. ரம்யாவை ஸ்கூலிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் வெளியே வருவதே இல்லை.

ஆனால் என் பெஞ்சுக்கு யாரும் வரவில்லை. இப்போது வேறு காரணம். என்னால்தான் ரம்யா அப்பா ஸ்டேஷனுக்கு அலைகிறார் என்று.

சத்யா இன்று எதிரே வந்தாள். நின்றோம். "அவ சொன்னது எனக்குக் கேட்டுச்சு மலரு. தனம்னு. நெசமாக் கேட்டுச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "சரி" என்றேன். போய்விட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மாவோடு ஜெயங்கொண்டம். எரிந்தது போக மிஞ்சிய பாத்திரங்களைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு. தனம் அக்கா அவர் தம்பி வீட்டில். முந்திரித் தோப்பு தாண்டி உள்ளே நடக்கவேண்டும்.

அம்மாவைக் கட்டிக்கொண்டார். என்னிடம் வரவில்லை. டீ கொடுத்தார், மூன்று பேருக்கும். ஊருக்குத் திரும்பி வருவதாக இல்லை. "அந்தத் தெருவுல எப்புடி நடப்பேன்? எல்லா மொகமும் தெரிஞ்ச மொகம்."

கிளம்பும்போது என்னிடம்:

"கூட்டத்துல நல்லா சொன்ன பாப்பா. உசுரு அதுலதான் நின்னுச்சு."

செருப்பை மாட்டினேன்.

"ஆனா மொத நாளு அந்தம்மா பாதியில போனப்ப, பின்னாடியே ஓடிப்போயி மீதியையும் சொல்லியிருக்கலாம்ல?"

திட்டுகிற மாதிரி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்றைக்கு எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை அக்கா என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. சொல்லாமல் வந்துவிட்டேன். இதுவும் பாதியில் நின்றது.

ஜன்னலோர சீட். அம்மா தூங்கிவிட்டாள். வழியெல்லாம் பருத்திக்காடு, சிமெண்ட் லாரிகள். எதிலாவது அப்பா இருப்பாரா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வெயில், புழுக்கம். துவைக்கிற சோப்பு தீர்ந்துவிட்டது, வாங்கவேண்டும்.

ஸ்கூல் விட்டு நேரே ரம்யா வீட்டுக்குப் போனேன். ரொம்ப யோசிக்கவில்லை. யோசித்தால் போகமாட்டேன். கேட் சாத்தியிருந்தது. அவள் அம்மா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சுத்தியல் அப்படியே நின்றது.

"எதுக்கு வந்த?"

"கணக்கு நோட்டுங்க அத்தை. விட்டுப்போனதெல்லாம் எழுதியிருக்கேன்."

"அவதான் ஸ்கூலுக்கே வரப்போறதில்லையே."

"இருக்கட்டுங்க."

நோட்டை வாங்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றேன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். முதுகு கூசியது. திரும்பி நடக்கலாம் என்று காலைத் தூக்கியபோது உள்ளே இருட்டிலிருந்து ரம்யா சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி:

"மலரு! எத்தனாவது பாடம் போவுது?"

அவள் அம்மா திரும்பி உள்ளே பார்த்தார்கள். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைவிடச் சத்தமாகக் கத்தினேன்:

"மூணாவது! பாதிதான் ஆயிருக்கு!"